நீல நிலவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில், ஒரு பருவத்தில் நான்கு பௌர்ணமி வந்தால் அதில் மூன்றாவதுதான் ப்ளூ மூன் என்று படித்தேன். எது சரி? அன்று நிலா நிஜமாகவே நீலமாகத் தெரியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியாது. மற்ற பௌர்ணமிகளில் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கும். எழும்போது மஞ்சள், மேலே ஏறியதும் வெள்ளை. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் கருநீல நிலாப் படங்களெல்லாம் கேமராவிலோ கம்ப்யூட்டரிலோ நிறத்தை மாற்றி எடுத்தவை. 2018 ஜனவரி 31 அன்று வந்தது ப்ளூ மூன்தான், ஆனால் அன்று முழுச் சந்திர கிரகணமும் சேர்ந்து வந்தது. நானும் மாடியில் நின்று பார்த்தேன். "நீல நிலா"வைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டு வந்தவர்களுக்குக் காட்டியது செம்புப் பாத்திரம் போலச் சிவந்த ஒரு நிலாவை. "இதைப் போய் நீலம்னு சொல்றீங்களே" என்று ஒரு சிறுமி கேட்டாள். நியாயமான கேள்வி.

இப்போது "எது சரி" என்பதற்கு வருவோம். மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி என்ற விளக்கம் 1946இல் ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. பருவத்தின் மூன்றாவது பௌர்ணமி என்பது அதைவிடப் பழையது, ஆனால் அதுவும் அமெரிக்காவில் ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்த வழக்கம்தான், உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி கிடையாது. "நீல நிலா" என்ற சொல்லோ இந்த இரண்டையும்விடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. அப்போது அதற்கு இந்த இரண்டு பொருளும் இல்லை.

அந்தப் பழைய பொருளிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1528இல், இங்கிலாந்தின் பாதிரிமார்களைக் கிண்டல் செய்து ஒரு செய்யுள் நூல் அச்சானது. அதில் ஒரு இடத்தில், அவர்கள் நிலா நீலம் என்று சொன்னால் நாமும் அது உண்மை என்று நம்பித்தான் ஆகவேண்டும் என்று வருகிறது. நம்மிடம் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: வெள்ளைக் காக்கா பறக்கிறது என்று பெரிய மனிதர் சொன்னால், ஆமாம் பறக்கிறது என்று சொல்லவேண்டும். அவர்களுடைய வெள்ளைக் காக்காதான் நீல நிலா. நடக்கவே நடக்காத ஒன்று, அபத்தம். வானியலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நடக்கவே நடக்காதது என்ற பொருள் நாளாவட்டத்தில் எப்போதாவது நடப்பது என்று இளகிவிட்டது. 1821இல் வந்த ஒரு லண்டன் கதையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, நீல நிலாக் காலமாக உங்களைக் காணவே இல்லையே என்கிற மாதிரி பேசுகிறார். "ரொம்ப நாளாச்சு" என்பதுதான் பொருள். மொழியில் இப்படி நடப்பது சகஜம். "அத்தி பூத்தாற்போல" என்கிறோமே, அத்தியின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்து பூக்கும், வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படவே படாது. ஆனாலும் "அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாய்" என்று சொல்லும்போது வந்த ஆள் எதிரே நிற்கிறார்தானே. நீல நிலாவும் அப்படித்தான் காணமுடியாததிலிருந்து அபூர்வத்துக்கு இறங்கி வந்தது.

நடுவில் ஒரு விஷயம். பழைய ஆங்கிலத்தில் "காட்டிக்கொடுப்பது" என்ற பொருளில் 'பிலூ' போன்ற ஒரு சொல் இருந்தது, விரதக் காலக் கணக்கைக் குழப்பிய துரோகி நிலா என்பதால் 'பிலூ மூன்', அது மருவி 'ப்ளூ மூன்' என்று ஒரு கதை பல இடங்களில் ஓடுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. அந்தச் சொல்லை நிலாவோடு சேர்த்து யாரும் எழுதிவைத்ததற்கு ஆதாரம் கிடையாது. விட்டுவிடலாம்.

சரி, நிலா உண்மையிலேயே நீலமானதே இல்லையா? ஆகியிருக்கிறது! இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, டம்ளருக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து அதன் வழியாக விளக்கைப் பாருங்கள். விளக்கு மஞ்சளாக, இன்னும் இரண்டு சொட்டு விட்டால் ஆரஞ்சாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீரில் லேசாக ஒரு நீலம் ஓடும். பாலில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகப் பக்கவாட்டில் சிதறடித்துவிடுகின்றன, சிவப்பு தப்பித்து நேராக நம் கண்ணுக்கு வருகிறது. அடிவானத்து நிலா மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிவதற்கும் இதுதான் காரணம். அங்கே பாலுக்குப் பதிலாகக் காற்றின் மூலக்கூறுகளும் நுண்தூசியும்.

நீல நிலா வேண்டுமென்றால் இந்தக் கதை தலைகீழாக வேண்டும். சிவப்பு சிதற வேண்டும், நீலம் நேரே வரவேண்டும். அதற்குத் துகள்களின் அளவு சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிதாக, ஏறக்குறைய 1 மைக்ரான் இருக்கவேண்டும். ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைவிட முக்கியமான நிபந்தனை, கிட்டத்தட்ட எல்லாத் துகளும் அதே அளவில் இருக்கவேண்டும். சாதாரணப் புகையிலும் தூசியிலும் பொடியும் கட்டியுமாக எல்லா அளவும் கலந்திருக்கும், அதில் இந்த வித்தை நடக்காது. அதனால்தான் நிஜமான நீல நிலா அவ்வளவு அபூர்வம்.

1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்தபோது அந்தச் சரியான அளவில் துகள்கள் வானத்துக்குப் போயின. அடுத்த வாரங்களில் பல நாடுகளில் நீல நிலாவையும், பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்த சூரியனையும் பார்த்ததாக மக்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் செப்டம்பரில் பச்சைச் சூரியன் தெரிந்தது. பச்சைச் சூரியனைக் கண்ட அந்தக் காலத்து ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னும் சுத்தமான உதாரணம் 1950இல் கிடைத்தது. கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா பகுதிகளில் பற்றிய மாபெரும் காட்டுத்தீயின் புகை மேலே ஏறி, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. செப்டம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. இரவில் வந்த நிலாவும் நீலம். எடின்பரோ வானாய்வகத்தில் இருந்த ராபர்ட் வில்சன் என்பவர் அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளந்தே விட்டார். வந்துசேர்ந்த ஒளியில் சிவப்புதான் குறைந்திருந்தது. எரிந்த மரங்களிலிருந்து எழுந்த நுண்துளிகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்ததுதான் காரணம்.

ஆக, அபத்தத்துக்கு உதாரணமாகச் சொன்ன ஒன்று இயற்கையில் நிஜமாகவே நடக்கிறது. இது பௌர்ணமியன்றுதான் நடக்கவேண்டும் என்றும் இல்லை. புகை சரியாக இருந்தால் பிறைகூட நீலமாகும்.

அப்புறம் எப்படிக் காலண்டருக்குள் நுழைந்தது? அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பயப்பட வேண்டாம்.

ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு பௌர்ணமிச் சுற்றுக்கு 354 நாளும் கொஞ்சமும். வருடமோ 365 நாளும் கால்நாளும். வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் மிச்சம் விழுகிறது. மூன்று வருடம் முடியுமுன் அந்த மிச்சம் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாகிவிடும், அப்போது வருடத்தில் 13ஆவது பௌர்ணமி வந்து நிற்கும். 19 வருடத்தில் இப்படி 7 அதிகப்படி பௌர்ணமிகள். கிமு ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இருந்த மெட்டான் என்பவரின் பெயரால் இதை மெட்டான் சுழற்சி என்பார்கள். 19 வருடத்துக்கும் 235 பௌர்ணமிச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் சில மணி நேரம்தான். நிலாவையும் சூரியனையும் ஒருசேரப் பின்பற்றும் யூத, சீன, இந்தியக் காலக் கணக்குகளெல்லாம் இதே மிச்சத்தைச் சமாளிக்கத்தான் அவ்வப்போது ஒரு அதிக மாதத்தைச் செருகுகின்றன. ஜனவரி, பிப்ரவரி என்று ஓடும் காலண்டர் நிலாவைச் சட்டை செய்வதில்லை, அதனால் அங்கே அந்த அதிகப்படி பௌர்ணமி சும்மா எங்கேயோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்தில் விவசாயிகளுக்காக ஒரு பஞ்சாங்கம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பருவத்தை ஒட்டி ஒரு பெயர்: ஓநாய் நிலா, தவக்கால நிலா, முட்டை நிலா, வைக்கோல் நிலா, அறுவடை நிலா, வேட்டை நிலா என்று. வருடத்துக்கு நான்கு பருவம், பருவத்துக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு. நான்காவதாக ஒன்று வந்தால் அதற்குப் பெயர் இல்லை. அந்தப் பெயரில்லாத பௌர்ணமியைத்தான் நீல நிலா என்றார்கள்.

நான்கில் கடைசியை அல்லவா உபரி என்று சொல்லவேண்டும், ஏன் மூன்றாவது என்று கேட்கலாம். பெயர்கள் சும்மா இல்லை, பண்டிகைகளோடு முடிச்சுப் போட்டவை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நிலா, பிந்திய நிலா என்று உண்டு, அவை டிசம்பர் இறுதியின் இரண்டு பக்கமும்தான் நின்றாகவேண்டும். தவக்கால நிலா குளிர்காலத்தின் கடைசி பௌர்ணமி. அதற்கு அடுத்ததை ஒட்டித்தான் ஈஸ்டர் வரும். ஓரங்களில் இருப்பவர்களை நகர்த்த முடியாது, நடுவில் ஒருவரைத்தான் உபரி என்று சொல்லமுடியும். அதனால் மூன்றாவது. என்னைக் கேட்டால் இந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, மாதத்தின் இரண்டாவது என்ற விதிக்கு அப்படி எதுவும் இல்லை.

இப்போது தப்பு நடந்த இடம். அந்தப் பஞ்சாங்கம் 1937இல் நீல நிலாவைப் பற்றி ஒரு குறிப்புப் போட்டது. சில சமயம் வருடத்தில் பதின்மூன்று பௌர்ணமி வரும், அந்த உபரிக்குப் பருவப் பெயர் பொருந்தாது, அதை நீல நிலா என்பார்கள் என்கிற மாதிரி. 1943இல் லாரன்ஸ் லாஃப்ளூர் என்பவர் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் என்ற அமெரிக்க வானியல் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியில் இதை எடுத்துச் சொன்னார். எந்தத் தேதி என்று அவர் எழுதவில்லை. 1946 மார்ச்சில் அதே பத்திரிகையில் ஜேம்ஸ் ஹ்யூ ப்ரூயட் என்ற வானியல் ஆர்வலர் அதைப் படித்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வருடத்தில் 13 பௌர்ணமி என்றால் 11 மாதத்தில் ஒவ்வொன்று, ஒரு மாதத்தில் இரண்டு. அந்த இரண்டாவதுதான் நீல நிலாவாக இருக்கவேண்டும், நான் அப்படித்தான் பொருள்கொள்கிறேன் என்றார். மனிதர் நேர்மையானவர், தன் ஊகம் என்பதைச் சொல்லித்தான் எழுதினார். அதற்குப் பிறகு அதை எடுத்துச் சொன்னவர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு தேதியைச் சரிபார்த்திருந்தால் போதும். 1937 பஞ்சாங்கம் நீல நிலா என்று குறித்த நாள் ஆகஸ்ட் 21. ஒரு மாதத்தில் 21ஆம் தேதி வரும் பௌர்ணமி எப்படி அந்த மாதத்தின் இரண்டாவது பௌர்ணமியாக இருக்கமுடியும்? போதாக்குறைக்கு 1937இல் மொத்தமே 12 பௌர்ணமிதான்.

ப்ரூயட்டின் கட்டுரை பல வருடம் தூங்கியது. டெக்சாஸ் பல்கலைக்கழக வானியல் நூலகத்தில் டெபோரா பேர்ட் என்பவர் அந்தப் பழைய இதழைப் பார்த்தார். 1980 ஜனவரி 31 அன்று, மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி நாளில், ஸ்டார்டேட் என்ற வானொலி நிகழ்ச்சியில் அது ஒலிபரப்பானது. 1985இல் சிறுவர்களுக்கான ஒரு தகவல் புத்தகம், 1986இல் ட்ரிவியல் பர்ஸ்யூட் என்ற வினாடி வினா விளையாட்டு. 1988 மே மாதம் இரண்டு பௌர்ணமி வந்தபோது செய்தி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பத்து வருடத்துக்குள் அது "பழங்கால நம்பிக்கை" ஆகிவிட்டது! வானொலியில் கேட்டவர்களே இது தாத்தா காலத்து வழக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தச் சங்கிலியைப் பின்னோக்கித் தடம்பிடித்தவர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் பிலிப் ஹிஸ்காக். டொனால்ட் ஓல்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் ஆசிரியர் குழுவினரும் மெய்ன் பஞ்சாங்கத்தின் பழைய பிரதிகளை, 1819 முதல் 1962 வரையிலானவற்றில் நாற்பதுக்கும் மேல், தேடிச் சேர்த்தார்கள். அவற்றில் நீல நிலா என்று குறித்த நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எல்லாமே நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களில், அதிலும் 20 முதல் 23ஆம் தேதிக்குள் விழுந்தன. மாதக் கடைசியில் ஒன்றுகூட இல்லை.

இதில் ஒளிந்திருந்த விதி கணக்கிலேயே தெரியும். ஒரு பருவம் சுமார் 91.3 நாள். நான்கு பௌர்ணமிகளுக்கு நடுவே மூன்று இடைவெளி, அது 88.6 நாள். மிச்சம் 2.7 நாள். அதாவது பருவம் தொடங்கி மூன்று நாளுக்குள் முதல் பௌர்ணமி வந்தால்தான் நான்கு அடங்கும். பருவங்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் 21ஆம் தேதி வாக்கில் தொடங்குவதால், மூன்றாவது பௌர்ணமி தானாகவே பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, 20ஆம் தேதியை ஒட்டித்தான் வந்து விழும்.

1999 மே இதழில் அந்தப் பத்திரிகை, தப்பு எங்களிடமிருந்துதான் கிளம்பியது என்று ஒப்புக்கொண்டு விரிவாக எழுதியது. ஐம்பத்து மூன்று வருடம் கழித்து வந்த திருத்தம். எத்தனையோ பத்திரிகைகள் இதைச் சத்தமில்லாமல் விட்டிருக்கும்.

திருத்தம் வந்து என்ன, மாத விதிதான் ஜெயித்துவிட்டது. விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம், பருவம் எப்போது தொடங்குகிறது என்றெல்லாம் பார்க்கவேண்டாம். அதனால் அதைத் தப்பு என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை, சொல்லுக்குக் கூடுதலாக ஒரு பொருள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதைத் தொன்மையான வழக்கு என்று யாராவது சொன்னால் மட்டும் திருத்துங்கள்.

மாத விதிப்படி நீல நிலா வரவேண்டுமென்றால், 31 நாள் மாதத்தில் முதல் பௌர்ணமி முதல் ஒன்றரை நாளுக்குள் வந்துவிடவேண்டும். 30 நாள் மாதத்தில் முதல் அரை நாளுக்குள். பிப்ரவரிக்கு வாய்ப்பே இல்லை. சில சமயம் பிப்ரவரியில் பௌர்ணமியே வராமல் போகும். அப்போது அதற்கு முன்னும் பின்னும் ஜனவரியிலும் மார்ச்சிலும் இரண்டிரண்டு வரும். 1999இல் அப்படி, 2018இல் அப்படி, அடுத்து 2037இல். 19 வருட இடைவெளியைக் கவனித்தீர்களா? மெட்டான் வேலை செய்கிறார். ப்ரூயட்டின் "11 மாதத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் இரண்டு" என்ற கணக்கு இந்த வருடங்களில் உடைந்தும் போகிறது. மொத்தத்தில் நூறு வருடத்துக்கு 41 போல வரும், ஏறக்குறைய இரண்டரை வருடத்துக்கு ஒன்று. "அபூர்வம்" என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பருவ விதிக்கு ஒரு உதாரணம் 2024. ஜூன் 20 அன்று கோடை தொடங்கியது (பூமியின் வட பாதிக்கு), செப்டம்பர் 22 அன்று முடிந்தது. நடுவில் ஜூன் 22, ஜூலை 21, ஆகஸ்ட் 19, செப்டம்பர் 18 என்று நான்கு பௌர்ணமி. ஆகஸ்ட் 19 நீல நிலா. அடுத்தது 2027 மே 20. மாத விதிப்படி 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு வருவது 2026 மே 31. இந்த இரண்டு விதிகளும் தனித்தனிப் பாதையில் ஓடுவதால்தான் செய்திகளில் குழப்பம். சூப்பர் மூன் என்பது நிலா பூமிக்கு அருகே வரும் பௌர்ணமி, அதற்கும் இதற்கும் உறவில்லை, இரண்டும் ஒரே நாளில் வந்தால் தலைப்பு பெரிதாகும், அவ்வளவே.

மாத விதியில் எனக்கு வேடிக்கையாகத் தெரியும் இன்னொன்று நேர மண்டலம். பௌர்ணமி என்பது ஒரு குறிப்பிட்ட கணம், அது உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் அந்தக் கணத்தில் சுவரில் என்ன தேதி என்பது ஊருக்கு ஊர் மாறும். 2009 டிசம்பர் 31 அன்று லண்டன் நேரப்படி இரவு ஏழேகால் மணிக்குப் பௌர்ணமி. டிசம்பர் 2 அன்றும் ஒன்று வந்திருந்ததால் அங்கே அது நீல நிலா. அதே கணத்தில் இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 2010 ஜனவரி 1 பிறந்துவிட்டது. இங்கே அது சாதாரண நிலா, ஜனவரி 30 அன்று வந்ததுதான் நீலம். ஒரே நிலா, பாஸ்போர்ட்டைப் பொறுத்து நிறம்.

அந்த 2009க்குச் சரியாக 19 வருடம் கழித்து 2028 டிசம்பர் 31 வருகிறது. இந்த முறை பௌர்ணமி இந்திய நேரப்படி இரவு பத்தே கால் மணி வாக்கில், எனவே ஐரோப்பாவில் இருப்பவருக்கும் இந்தியாவில் இருப்பவருக்கும் அது டிசம்பரின் இரண்டாவது பௌர்ணமி, நீல நிலா. ஜப்பானில் அதற்குள் புத்தாண்டு பிறந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அவர்கள் 2029 ஜனவரி 30 வரை காத்திருக்கவேண்டும். அந்த இரவில் முழுச் சந்திர கிரகணமும் உண்டு. வருடம் முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது மேலே பாருங்கள், நீல நிலா நல்ல சிவப்பில் நிற்கும்.